கொட்டகையில் நின்ற வண்டி

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, பழைய இரும்பு வியாபாரி ஒருவர் நமது வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்தச் சாமானை எப்பொழுது எடுத்துக் கொள்ளலாம்?" என்று விசாரித்தார். அவர் கையிலே ஒரு நீளக் கயிறு இருந்தது. கண்ணிலே ஒரு தராசு இருந்தது.

"சாமான்" என்று அவர் குறிப்பிட்டது நமது தகப்பனாருடைய மோட்டார் வண்டியை. முன்புறமிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆஸ்டின் ஏ-40 என்னும் இங்கிலீஷ் கார். வட்டமான விளக்குகளும், மூக்கின் மேல் பறக்கிற பாவனையில் ஒரு சின்னமுமாகச் சாஸ்திரோக்தமாய் இருக்கும். பின்புறமிருந்து பார்க்கிறவர்களுக்கோ வேங்கைப் பலகையால் செய்த ஒரு பெரிய பெட்டிதான் தெரியும். 1966-ஆம் வருஷத்தில் திருச்சி டாக்டர் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கிய தகப்பனார், வாங்கிய ஒரு மாதத்துக்குள் அதன் பின்பாதியை அறுத்துப் போட்டுவிட்டு, ஊர்த் தச்சரைக் கொண்டு அந்தப் பெட்டியைக் கட்டுவித்தார். நமக்கு வேண்டியிருந்தது வாழைத்தார் ஏற்றும் வாகனமேயல்லாமல் டாக்டர்கள் சாய்ந்து உட்காரும் மெத்தையல்ல. இக்காலத்தில் "பிக்கப்" என்கிறார்களே, அந்த ஜாதியில் அதைச் சேர்த்துக் கொள்ளலாம். குளித்தலைக்குப் பக்கத்தில் காவேரிக் கரையிலுள்ள நமது கிராமத்துக் குழந்தைகள் அதற்கு "நரசிம்ம வண்டி" என்று பெயரிட்டிருந்தன.

வியாபாரி அழையாமல் வந்தவரல்ல; அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தவர். கொடுத்தது நமது தமையனாரிடம். பாகப் பிரிவினையில், வண்டி நிற்கும் கொட்டகையும் மனையும் தமையனார் பங்குக்குப் போயிருந்தன. தை மாதத்தில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். கொட்டகையைப் பிரித்துவிட்டு அங்கே பந்தல் போடவேண்டும். 2002-ஆம் வருஷத்திலிருந்து ஓர் அங்குலங்கூட நகராத வாகனத்தைத் தம் பெண் கல்யாணத்தைவிடப் பெரிதாக எந்தத் தகப்பன் நினைப்பான்? ஆகையால் தமையனார் மீது நமக்குக் கோபமில்லை. கோபம் வேறொருவர் மீது. அவரைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

விஷயம் தாயாரிடம் அப்பீலுக்குப் போயிற்று. எண்பத்தைந்து வயதான அந்த ஹைகோர்ட்டில் வாதங்கள் நீளுவதில்லை. "ஓடுகிற வண்டியானால் இருந்துவிட்டுப் போகட்டும். ஓடாத வண்டியைக் கட்டிக் கொண்டு அழுவானேன்? கார்த்திகை முடியட்டும், பார்க்கலாம்" என்று தீர்ப்பாயிற்று. மார்கழி முதல் தேதி லாரியுடன் வருவதாகச் சொல்லி வியாபாரி போய்விட்டார். நமக்குக் கிடைத்த தவணை நாற்பது நாள்.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நமது தகப்பனார் கதரைத் தவிர வேறு துணி உடுத்தாதவர். "கதர் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரன் வண்டியை ஓட்டலாமா?" என்று நண்பர்கள் அவரைப் பரிகாசம் செய்வார்கள். அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். சுதந்திரப் போரில் ஈடுபட்டவரான ரகுநந்தன் சரண் என்பவர், பண்டித ஜவாஹர்லால் நேருவின் தூண்டுதலினால் 1948-ஆம் வருஷத்தில் ஒரு மோட்டார்க் கம்பெனி ஆரம்பித்து, அதற்குத் தம் புதல்வரின் பெயரை வைத்து "அசோக் மோட்டார்ஸ்" என்றார். மறு வருஷமே சென்னைக்கு வடக்கே எண்ணூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாக வந்திறங்கிய ஆஸ்டின் ஏ-40 கார்களை அங்கே நம்மவர்கள் பூட்டி ஓடவிட்டார்கள். அதே கம்பெனிதான் 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி லாரிகளும் பஸ்களும் செய்யத் தொடங்கியது. நமது வண்டி அந்த எண்ணூர்ச் சரக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். "திருகாணி அவனுடையது, முறுக்கிய கை நம்முடையது" என்பார் தகப்பனார்.

எஞ்சின் 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. நாற்பது குதிரைச் சக்தி. பெயரிலுள்ள நாற்பதுக்கு அதுதான் அர்த்தம். நாற்பது குதிரைக்கு நாற்பது தார் என்று தகப்பனார் ஒரு கணக்கு வைத்திருந்தார். ராத்திரி மூன்று மணிக்குப் பூவன் தார்களை வாழைச்சருகு மெத்தையின் மேல் அடுக்கி, பேட்டைவாய்த்தலை, ஜீயபுரம் வழியாகத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போய், பொழுது விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் நாமும் கூடப் போவதுண்டு. அந்தக் கௌரவத்துக்கு ஒரு விலை இருந்தது. வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பவேண்டியது நமது பொறுப்பு. ஸெல்ப் ஸ்டார்ட்டர் இருந்தது. ஆனால் அன்றைய முதல் முயற்சிக்கு அதை உபயோகித்தால் பாட்டரிக்கு ஆயுள் குறையும் என்பது தகப்பனாரின் கட்சி.

கைப்பிடி சுற்றுவதில் ஓர் அபாயம் உண்டு. நெருப்புப் பொறி முன்கூட்டியே பற்றிவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அப்பொழுது கைப்பிடியைக் கட்டை விரலால் வளைத்துப் பிடித்திருப்பவனுக்கு மணிக்கட்டு முறிந்து போகும். ஆகையால் கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே இழுக்கவேண்டும். ஒருபோதும் மேலேயிருந்து கீழே அழுத்தக் கூடாது. தகப்பனார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி, இருட்டில் நமது கை தெரியாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் தவறாமல், "கட்டை விரல்!" என்று ஒரு குரல் கொடுப்பார். நமக்கு முன்னால் தமையனார் அந்த உத்தியோகத்தைப் பார்த்தபோதும் அதே குரல்தான்.

1977-ஆம் வருஷம் நவம்பர் மாதம் திருச்சிச் சீமையைப் பெருவெள்ளம் தாக்கிய சமயத்தில், நமது ஊர்ப் பள்ளத் தெருவிலும் தண்ணீர் புகுந்தது. அன்று இரவு இந்த வண்டி ஏற்றியது வாழைத்தாரையல்ல. கிழவிகள், குழந்தைகள், கோழிகள், ஒரு தையல் மெஷின், நிறை கர்ப்பிணி ஒருத்தி எல்லோரையும் ஏழு தடவையாக மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சேர்த்தது. எட்டாவது தடவை தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறி நின்று போயிற்று. மூன்று நாள் வெயிலில் காயவைத்து, எண்ணெய் மாற்றி, மறுபடியும் ஓட்டினார்கள். அந்தக் கர்ப்பிணியின் பிள்ளை இன்றைக்கு நமது பஞ்சாயத்தில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறார்.

இப்பேர்ப்பட்ட வண்டி நின்று போனது எப்படி? நமது கோபத்துக்குரிய மனுஷரைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் வாழைத்தார்களை வியாபாரிகளே தோட்டத்துக்கு லாரி கொண்டு வந்து ஏற்றிப்போகத் தொடங்கினார்கள். வண்டிக்கு வேலை குறைந்தது. ஆனாலும் தகப்பனார் தினந்தோறும் காலையில் அதைக் கிளப்பி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு அணைப்பார். எழுபது வயதுக்கு மேல் கைப்பிடி சுற்றும் சக்தி போய்விட்டதால், கடைசியில் ஸெல்ப் ஸ்டார்ட்டருக்குச் சம்மதித்திருந்தார். 2002-ஆம் வருஷம் சித்திரையில், ஆற்றங்கரைப் பம்ப் கொட்டகையில் விளக்குக்கு ஒரு பாட்டரி தேவையாயிற்று. தகப்பனாரின் வண்டியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு போனவர் ஒருவர். "இரண்டு நாள், அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாட்டரி பம்ப் கொட்டகையிலேயே இருந்து, அங்கேயே செத்தது. வேறு வாங்கிப் போடவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் அவர் நினைத்ததுண்டு. தகப்பனார் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. காலையில் கொட்டகைக்குப் போய்த் துணியால் வண்டியைத் துடைத்துவிட்டு வந்து விடுவார். 2004-இல் அவர் காலமாகும் வரையில் துடைத்துக் கொண்டுதான் இருந்தார்.

பாட்டரியைக் கழற்றிய அந்த மனுஷர் நாமே.

தவணையின் முதல் நாள் நாம் செய்த காரியம் மேஸ்திரியைத் தேடிப் போனது. தகப்பனார் காலத்தில் வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். எண்பது வயதை நெருங்கிவிட்டார். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, மற்றதில் எடுக்கவேண்டும். பட்டறையை மகன் மோட்டார் சைக்கிள் கடையாக மாற்றிவிட, இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைத் தேடினார்.

நமது தமையனார் மகன் எஞ்சினீயரிங் பட்டம் பெற்றவன். தங்கை கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்தான். அவன் புதுப் பாட்டரியோடும் பெட்ரோல் டின்னோடும் ஆயத்தமாக நின்றான். மேஸ்திரி இரண்டையும் தூரப் போகச் சொன்னார். "கிடந்த எஞ்சினை உடனே சுற்றக்கூடாது, தம்பி. பட்டினி கிடந்தவனுக்கு எடுத்தவுடன் விருந்து போடுகிறாற் போல" என்றார். பிறகு கைப்பிடியை மாட்டி, குழந்தையின் நாடியைப் பார்ப்பதுபோல் மெதுவாய் அசைத்துப் பார்த்துவிட்டு, "பிடித்துக்கொண்டு விட்டது" என்று அறிவித்தார்.

மோட்டார் எஞ்சின் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம் என்பதை அந்த நாற்பது நாளில் நாம் தெரிந்துகொண்டோம். எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறதோ, அந்த நிலையில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். ஆற்றங்கரை ஈரக்காற்று அதன் வழியாக உள்ளே போய், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களையும் உருளைச் சுவரையும் துருவால் ஒட்ட வைத்துவிடும். மேஸ்திரி நான்கு பிளக்குகளையும் கழற்றி, துவாரங்களின் வழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினார். "ஐந்து நாள் இந்தப் பக்கம் வராதீர்கள்" என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுவிட்டு, தாம் மாத்திரம் தினந்தோறும் வந்து, கொட்டகை வாசலில் உட்கார்ந்து கொண்டார். ஆறாம் நாள் டயர்களுக்குக் காற்றடித்து, டாப் கியரில் போட்டு, நாலு பேர் முன்னும் பின்னுமாக வண்டியை ஆட்டினோம். முதலில் சிறு முனகல்; பிறகு பல்லைக் கடிப்பது போன்ற ஓர் ஓசை; பதினைந்தாவது ஆட்டத்தில் விசிறி கால் சுற்றுச் சுற்றியது. மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார்.

காற்று வடிகட்டியைத் திறந்தபோது எலிக்கூடு ஒன்று அகப்பட்டது. அதற்குக் கட்டிடச் சாமானாக எலிகள் உபயோகித்திருந்தவை கமிஷன் மண்டிச் சீட்டுகள். ஒரு துண்டில் தகப்பனாரின் கையெழுத்தில் "பூவன் 38" என்று இருந்தது. புகைக் குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. பெட்ரோல் தொட்டியில் இருந்தது பெட்ரோல் என்று சொல்வதற்கில்லை. பழைய வார்னீஷ் மாதிரி ஒரு பிசின். தொட்டியைக் கழற்றி, உள்ளே கூழாங்கற்களைப் போட்டு, சாக்கில் சுற்றி, ஒரு பகல் முழுவதும் ஊர்ப் பையன்களை உருட்டச் சொன்னோம். துரு வண்டி வண்டியாக வந்தது.

இந்தக் காலத்துப் பெட்ரோல் ஒரு தனித் தொந்தரவு. 2025-ஆம் வருஷத்திலிருந்து நமது தேசத்தில் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் சாராயச் சத்து அது. அந்நிய நாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகிறதென்றால் சந்தோஷந்தான். ஆனால் 1951-ஆம் வருஷத்து ரப்பர்க் குழாய்களுக்கு அந்தச் சாராயம் ஒத்துக்கொள்ளாது. ஊறி உப்பிப் போகும். மதுவிலக்குக் காலத்தில் பிறந்த வண்டியல்லவா? குழாய்களையும் பம்பிலுள்ள ரப்பர்த் தகட்டையும் புதிதாக மாற்றவேண்டி வந்தது.

சாமான்களுக்காக நாம் சென்னைக்குப் பிரயாணமானோம். புதுப்பேட்டையைப் பார்த்திராதவர்கள் மோட்டார் உலகத்தின் பரலோகத்தைப் பாராதவர்கள். அங்கே ஒரு சந்தில் கதவுகள் மாத்திரம். இன்னொரு சந்தில் விளக்குகள் மாத்திரம். மற்றொன்றில் எஞ்சின்கள் ஒன்றன்மேல் ஒன்றாய். "ஏ-40" என்று நாம் சொன்னதும் கடைக்கார இளைஞர், "நாற்பதா? அப்படி ஒரு மாடலே கிடையாதே, சார்" என்றார். உள்ளேயிருந்த பெரியவர் எழுந்து வந்து அவரை அதட்டிவிட்டு, நமக்கு நாற்காலி போட்டார். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரின் பழைய எஞ்சினும் இந்த ஆஸ்டின் வம்சத்தின் வழி வந்ததுதான் என்று அவர் விளக்கி, கண்டென்ஸர் ஒன்றை அந்த உறவுமுறையில் கொடுத்தார். அவசரத்தில் இன்னொன்றும் கையிலிருக்கட்டும் என்று வேறொரு கடையில் பளபளப்பான புதுக் கண்டென்ஸரும் வாங்கினோம். அந்தப் பளபளப்பு பிறகு நம்மைப் படுத்திய பாட்டைச் சொல்லப் போகிறோம்.

பிரேக் விஷயம் நீண்ட கதை, சுருக்கி விடுகிறோம். முன் சக்கரங்களுக்கு எண்ணெய் அழுத்தமும், பின் சக்கரங்களுக்குக் கம்பி இழுப்புமாக ஒரு கலப்பு மணம் அதில் நடந்திருக்கிறது. எண்ணெய்ப் பக்கம் முழுதும் துருவேறி இருந்தது. திருச்சியில் ஒரு லேத்துப் பட்டறைக்காரர் பித்தளைக் குழல் கடைந்து உருளைகளுக்குள் சொருகிக் கொடுத்தார். அளவு எழுதிய காகிதத்தைக் கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை; பழைய உருளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். ரேடியேட்டர் இரண்டு இடத்தில் கசிந்தது. அதற்கு வைத்தியம் தாயாரின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தது. ஒரு பிடி மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சிறு கசிவுகள் அடைபடும் என்பது லாரிக்காரர்கள் அறிந்த ரகசியம். "கல்யாண வீட்டுக்கு மஞ்சள் நல்லதுதான்" என்றார் தாயார்.

எண்ணூரில் பூட்டிய வண்டி என்று தகப்பனார் பெருமைப்பட்டாரே, அது உண்மையில் எங்கே பூட்டப்பட்டது என்று நாம் யோசித்துப் பார்த்தோம். பெட்டி நமது ஊர்த் தச்சருடையது, பிரேக் திருச்சியுடையது, கண்டென்ஸர் அம்பாஸடருடையது, கிளட்ச் 1983-இல் மேஸ்திரி எதையோ வெட்டி எதையோ ஒட்டிச் செய்தது. தொழிற்சாலை திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொள்ளுகிறவர்களைப் பத்திரிகையில் படம் போடுகிறோம். நமது தேசத்து வாகனங்களை ஓடவைத்த கைகளெல்லாம், நமது அபிப்பிராயத்தில், சந்துகளில்தான் இருந்தன. இதை மேஸ்திரியிடம் சொன்னபோது அவர், "அந்த ஸ்பானரை எடுங்கள்" என்றார்.

இதற்கிடையில் தமையனார் மகன் கைபேசியில் சட்டங்களைத் துழாவி ஒரு செய்தி கொண்டு வந்தான். 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஐம்பது வயது தாண்டிய வாகனங்களைப் "பழம்பெரும் வாகனம்" என்று தனியாகப் பதிவு செய்து, விசேஷ நம்பர் பெறலாம். நமக்கு உற்சாகம் பொங்கிற்று. அடுத்த வரியில் அது அடங்கிற்று. வாகனம் முதலில் செய்த ரூபத்திலேயே இருக்க வேண்டுமாம். உடலமைப்பைக் கணிசமாக மாற்றியிருக்கக் கூடாதாம். நரசிம்மாவதாரத்துக்குச் சர்க்கார் பட்டம் கிடையாது! சாதாரண முறையில் தகுதிச் சான்று பெற்றுப் பதிவைப் புதுப்பித்தால்தான் ராஜபாட்டையில் இறங்கலாம். அதுவரை நமது சொந்தத் தோப்புப் பாதைதான் கதி.

கார்த்திகை இருபத்தாறாம் தேதி மேஸ்திரிக்குக் கண் ஆஸ்பத்திரியில் முறை வந்தது. மூன்று நாள் அவர் இல்லை. நாம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. புதுப் பாட்டரியை மாட்டினோம், பளபளக்கும் கண்டென்ஸரைப் பொருத்தினோம், ஸ்டார்ட்டரை அழுத்தினோம். எஞ்சின் நன்றாகச் சுற்றியது. ஒரு தடவை இருமியது. அப்புறம் நூறு தடவை அழுத்தியும் இருமல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி சோகை பிடித்தாற்போல் மங்கலாய் விழுந்தது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. தமையனார் கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

இருபத்தொன்பதாம் தேதி மாலை, கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு மேஸ்திரி வந்து சேர்ந்தார். "விளக்கைப் போடுங்கள்" என்றார். போட்டோம். "அம்மீட்டர் முள் எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்டார். வலப்பக்கம் என்றோம். விளக்கு எரிந்தால் மின்சாரம் செலவாகவேண்டும்; முள்ளோ வரவு காட்டிக் கொண்டிருந்தது. மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். இக்காலத்து வண்டிகளில் பாட்டரியின் கழித்தல் முனையை வண்டியின் உடலோடு இணைப்பார்கள். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் கூட்டல் முனையைத்தான் உடலோடு இணைப்பது வழக்கம். பட்டதாரிப் பிள்ளை பழக்கத்தின்படி கறுப்புக் கம்பியை உடலில் மாட்டிவிட்டான். ஸ்டார்ட்டர் எப்படி மாட்டினாலும் ஒரே பக்கம் சுற்றுகிற சுபாவமுடையதாகையால் தப்பு வெளியே தெரியவில்லை. மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்தால் பிளக்கில் பொறி தாண்டுவதற்கு அதிக அழுத்தம் வேண்டும் என்ற காரணத்தைப் பிள்ளையாண்டானே பிறகு படம் போட்டு விளக்கினான். ஆனால் அது பாதிக் குற்றந்தான். மீதிப் பாதி நாம் வாங்கிய பளபளப்பினுடையது. மேஸ்திரி அதைக் கழற்றிக் கோழிக் கூண்டுப் பக்கம் வீசிவிட்டு, புதுப்பேட்டைப் பெரியவர் கொடுத்த அழுக்குக் கண்டென்ஸரை வைத்தார். பாயிண்டுகளின் இடைவெளியை அளக்கத் தகடு அகப்படவில்லை. அன்று காலையில்தான் அச்சாகி வந்திருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் ஓரத்தைக் கிழித்து நடுவில் வைத்துச் சரிபார்த்தார். "கச்சிதமான அட்டை" என்று சிலாகித்தார்.

பாட்டரிக் கம்பிகளை மாற்றி மாட்டிக் கொண்டிருந்தபோது நமக்கு மனசு தாளவில்லை. "மேஸ்திரி, பழைய பாட்டரியைக் கழற்றிக்கொண்டு போனது நான்தான்" என்றோம்.

"தெரியுமே" என்றார் அவர், தலை நிமிராமல். "அப்போதே ஐயாவிடம் கேட்டேன், வேறு ஒன்று வாங்கிப் போட்டுவிடட்டுமா என்று. வேண்டாம், சின்னவன் எடுத்துப் போயிருக்கிறான், கொண்டு வந்துவிடுவான். அதற்குள் நாம் வாங்கிவிட்டால் அவன் மனசு சங்கடப்படும் என்றார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. பிளக் கம்பிகளை அந்த வரிசையில் மாட்டுங்கள். கை நடுங்குகிறதே, நான் மாட்டட்டுமா?"

மார்கழி முதல் தேதி விடியற்காலம். கோவிலில் திருப்பள்ளியெழுச்சி ஒலிபெருக்கியில் வந்து கொண்டிருந்தது. சாலை முனையில் வியாபாரியின் லாரி வந்து நின்றது. ஸ்டார்ட்டரை உபயோகிப்பதில்லை என்று நாம் தீர்மானித்திருந்தோம். அறுபது வயது தாண்டியவருக்கு இது அசட்டுத்தனந்தான். கைப்பிடியை மாட்டினோம். ஸ்டியரிங்கில் தமையனார் மகன். அவன் பக்கத்தில், யார் சொல்லியும் கேளாமல், தாயார். தமையனார் கைகளைக் கட்டிக்கொண்டு கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தார். நாம் குனிந்து பிடித்தோம்.

"கட்டை விரல்!" என்றார் தமையனார்.

நமது கட்டை விரல் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்து மறுபடியும் வைத்தோம். முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு ஒரு தும்மல். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் வெடித்துச் சிரித்து, கொட்டகை முழுவதும் நீலப் புகையைக் கக்கி, நான்கு உருளைகளில் மூன்றில் நொண்டிக்கொண்டு, ஒரு நிமிஷத்தில் நாலாவதையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, சீராக ஓடத் தொடங்கியது. கூரையிலிருந்து இரண்டு ஓணான்கள் விழுந்தன. தாயார் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்கப்பா இதைவிடக் குறைவாகப் புகை விடுவார்" என்று பேரனிடம் சொன்னார். மேஸ்திரி இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, காது கொடுத்து நின்றார்.

தோப்புப் பாதையில் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பினோம். திரும்பி வருகையில் தமையனார் பின்னால் பெட்டியில் ஏறிக்கொண்டு நின்று வந்தார். இரும்பு வியாபாரி அச்சாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓடுகிற நிலையிலென்றால் இரண்டு மடங்கு கொடுப்பதாகச் சொன்னார். காப்பி கொடுத்து அனுப்பி வைத்தோம். கொட்டகையைப் பிரித்தாகிவிட்டது, வண்டி நமது பங்கு மனையில் வேப்பமரத்தடியில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. புதுப்பிப்பு மனு கொடுத்திருக்கிறோம். தோப்பிலிருந்து பந்தலுக்கு வாழைமரங்களை இந்த வண்டிதான் கொண்டு வந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தமையனார் மகன் ஓடி வந்தான். பந்தல் ஜெனரேட்டரைக் கிளப்பும் பாட்டரி செத்துவிட்டதாம். "வண்டிப் பாட்டரியைக் கழற்றிக் கொள்ளட்டுமா, சித்தப்பா? இரண்டே நாள்" என்றான்.

நாம் சட்டையை மாட்டிக்கொண்டு குளித்தலைக் கடைவீதிக்குப் போய், வேறொரு பாட்டரி வாங்கி வந்து கொடுத்தோம்.